தட்டில் வளரும் கருவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்?

கரு வளர்க்கும் ஆய்வகங்கள் பலவற்றில், கருவை இதமான சூட்டில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டருக்கு நைட்ரஜன் வாயுவும் இணைத்திருப்பார்கள். அந்த நைட்ரஜனால் கருவுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளத்தான் அது வேண்டும். உயிர்வாயு என்று நாம் பெயரிட்டு அழைக்கும் ஒன்றை, உயிர் தொடங்கும் நாட்களில் ஏன் விரட்ட வேண்டும்?

சுண்டெலியை எடுத்துக்கொள்வோம். கருவுற்ற அதன் முட்டை, உறையையும் சேர்த்து 0.1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஊட்டத் திரவத்தின் சிறு துளியில் அதை இட்டு, துளி உலர்ந்துவிடாமல் மேலே எண்ணெய் ஊற்றுவார்கள். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். நான்காம் நாளையொட்டி உள்ளே நீர் நிறைந்த பந்து போன்ற பிளாஸ்டோசிஸ்ட் உருவாகும். அதற்கு இரத்தமும் இல்லை, நுரையீரலும் இல்லை. திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தானாகக் கசிந்து உள்ளே போகிறது; அவ்வளவு சிறிய உடலுக்கு அதுவே போதும்.

தாயின் உடலில் இந்த நாட்கள் கருக்குழாயில் கழிகின்றன. ஃபிஷர், பாவிஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்கு, ஹாம்ஸ்டர், முயல் ஆகியவற்றின் கருக்குழாயிலும் கருப்பையிலும் ஆக்சிஜனை அளந்து 1993இல் வெளியிட்டார்கள். அங்கே இருந்தது ஏறக்குறைய 2 முதல் 8 சதவீதம்தான். நாம் சுவாசிக்கும் காற்றிலோ 21 சதவீதம். சாதாரணக் காற்றோடு 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு மட்டும் கலந்த பெட்டியில் வைக்கப்படும் கரு, தன் இயல்பான இடத்தைவிடப் பல மடங்கு ஆக்சிஜனில் மூழ்கிக் கிடக்கிறது. (கார்பன் டை ஆக்சைடு இருப்பது திரவத்தின் அமிலத்தன்மையைச் சீராக வைத்திருக்க, அது வேறு வேலை.)

கேடு எப்படி வருகிறது? செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உருவாகும்போது சில எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. அதிலிருந்து சூப்பர் ஆக்சைடும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. இவை டி.என்.ஏ., புரதம், செல்சவ்வின் கொழுப்பு என எதையும் விட்டுவைப்பதில்லை. ஆக்சிஜன் கூடினால் இந்தக் கசிவும் கூடுகிறது. கருக்குழாய்த் திரவத்தில் இவற்றை அடக்கும் ஹைப்போடாரின் போன்ற பொருட்கள் உண்டு. தட்டில் நாம் சேர்த்தால்தான் உண்டு.

சுண்டெலியின் பல வகைகளில், தட்டில் வளரும் கரு இரண்டு செல்லோடு நின்றுவிடுவது நெடுநாள் புதிராக இருந்தது. தாயிடமிருந்து வந்த சேமிப்பு தீர்ந்து, கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்கும் கட்டம் அது. அதே கட்டத்தில் தட்டிலுள்ள கருவில் ஹைட்ரஜன் பெராக்சைடு திடீரென உயர்வதும், தாயின் உடலில் வளர்ந்த கருவில் அப்படி உயராததும் 1990இல் தெரியவந்தன. இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. குறை கருவில் இல்லை, நாம் கொடுத்த இடத்தில் இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனைகள் குறைவு. தேக்கத்துக்கு ஆக்சிஜன் மட்டுமே காரணம் அல்ல. ஊட்டத் திரவத்தின் கலவையைத் திருத்தியும் அதைக் கடக்க முடிந்தது.

21 சதவீதத்தில் எல்லாக் கருவும் இறந்துபோவதில்லை. பிறந்து வளர்ந்தவை எத்தனையோ. ஆனால் பிளவுகள் தாமதமாகின்றன, பிளாஸ்டோசிஸ்டில் செல்கள் குறைகின்றன, மரபணுக்களின் செயல்பாடும் மாறுகிறது. தொடக்கத்தில் பட்ட அடியே பெரிது: செல்கள் நெருங்கி ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய நாட்களில் கூடுதல் ஆக்சிஜனில் இருந்த கருவைப் பிறகு, நைட்ரஜனால் ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்த பெட்டிக்கு மாற்றினாலும் அந்த இழப்பு முழுமையாக ஈடாவதில்லை.

ஆடு, மாட்டுக் கருக்களுக்கு இந்தக் குறைந்த அளவு 1972 முதலே பரிந்துரைக்கப்பட்டது. மனிதக் கருவைப் பொறுத்தவரை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு ஆய்வு, காற்றளவு ஆக்சிஜனில் குழந்தைப் பேறு 30 சதவீதம் என்றால் குறைந்த ஆக்சிஜனில் அது 32 முதல் 43 சதவீதம் வரை இருக்கலாம் எனக் கணித்தது. பிள்ளைக்காக ஏங்கிக் காத்திருக்கும் ஒரு தம்பதிக்கு அந்தச் சிறு வித்தியாசம் சிறிதல்ல.

எண்ணெய்க்கு அடியிலுள்ள துளிக்குள் வாயு சமநிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், தட்டை முந்தைய நாளே பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அறைக் காற்று உள்ளே புகுகிறது. ஆகவே இப்போது பல இடங்களில் பெட்டிக்குள்ளேயே கேமரா இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது படமெடுக்க, கதவு மூடியபடியே செல்கள் பிளவுறுவதைத் திரையில் பார்க்கிறார்கள்.