ஏற்காட்டுக் காபிக்கட்டையும் ரீல் குமிழின் துளையும்

தூண்டில் ரீல் வாங்கப் போகிறவர்கள் கியர் விகிதம் பார்ப்பார்கள், எத்தனை பேரிங் என்று கேட்பார்கள், மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் எத்தனை கிலோ தாங்கும் என்று விசாரிப்பார்கள். ஆனால் மீன் பிடிக்கிற நேரம் முழுக்க விரல் தொட்டுக்கொண்டிருப்பது கைப்பிடியின் நுனியில் உள்ள குமிழைத்தான். கம்பெனி மாட்டித்தரும் குமிழ் எல்லார் கைக்கும் ஒரே அளவு. அதைக் கழற்றிவிட்டுத் தன் கைக்கேற்ற குமிழை மரத்தில் கடைந்து மாட்டுவது அருமையான வேலை. அதில் அழகு மரத்தில் தெரியும். தரமோ நடுவில் இருக்கும் துளையில்தான் இருக்கிறது.

முதலில் குமிழ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கைப்பிடியின் தண்டு வட்டமாகச் சுற்றுகிறது. பிடித்திருக்கும் விரல்கள் அப்படிச் சுற்றுவதில்லை. மேலே போனாலும் கீழே வந்தாலும் ஒரே திசையைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. அதனால் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது, குமிழும் தன்னைத் தாங்கும் ஊசியின் மேல் எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். குமிழ் இறுகிப்போனால் அந்தச் சுற்றை விரல் தோல் ஏற்றுக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் கொப்புளம்தான்.

விசையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நரம்பு சுருளும் ஸ்பூலின் விட்டம் 45 மி.மீ., கியர் விகிதம் 5.2 (கைப்பிடி ஒரு சுற்றினால் நரம்பு 5.2 சுற்று சுருளும்), கைப்பிடித் தண்டின் நீளம் 55 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர ஸ்பின்னிங் ரீலுக்கு இது வழக்கமான அளவு. ஒரு சுற்றுக்குச் சுமார் 73 செ.மீ. நரம்பு உள்ளே வரும். நரம்பில் 1 கிலோ இழுவை இருந்தால், கியருக்குள் நடக்கும் உராய்வைச் சேர்க்காமலேயே குமிழில் சுமார் 2.1 கிலோ விசை கொடுக்க வேண்டும். கொடிக்குள் பதுங்கிய விராலை வெளியே இழுக்கும்போது விரல் நோவது இதனால்தான்.

குமிழைப் பெரிதாக்கினால் பலம் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கூடாது. நெம்புகோலின் நீளம் தண்டில்தான் இருக்கிறது. குமிழ் தன் ஊசியில் தாராளமாகச் சுழல்வதால் அதன் பருமனுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பெரிய குமிழ் செய்வது வேறு நல்ல காரியம்: அந்த 2 கிலோவைக் கூடுதல் பரப்பில் பரப்பி, தோலில் விழும் அழுத்தத்தைக் குறைக்கிறது. மேட்டூர் அணையில் கட்லாவுக்குக் காத்திருப்பவருக்கு உருண்டைக் குமிழ் வசதி. சின்ன லூரை (செயற்கை இரையை) நாள் முழுக்க வீசி வீசிச் சுருட்டுகிறவருக்குத் தட்டையான, கனமில்லாத குமிழ் போதும். கனம் அங்கே முக்கியம். 20 கிராம் குமிழ் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் மீன் கொத்தும் மெல்லிய அதிர்வு அமுங்கிவிடும்.

குமிழுக்குள் பேரிங் போட்டால் சுற்றுவது லேசாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். பேரிங்குக்குப் பதில் ஊசியைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் புஷ்ஷில் உராய்வுக் கெழு 0.2 என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 4 மி.மீ. ஊசியில் 2.1 கிலோ விசை தரும்போது உராய்வில் வீணாவது, நாம் கொடுக்கும் உழைப்பில் 100-ல் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் பேரிங் எதற்கு? ஆட்டம் இல்லாமல் இருக்க. புஷ் தேயத் தேய ஊசிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்து, சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று தட்டும். அந்தத் தட்டலும் மீன் இரையைத் தொடும் தட்டலும் விரலுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரு குமிழுக்கு இரண்டு பேரிங், முடிந்தவரை தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். பல ரீல்களில் இது 4×7×2.5 அளவு: உள்விட்டம் 4, வெளிவிட்டம் 7, கனம் 2.5 மி.மீ.

இந்த 7 மி.மீ. பேரிங் உட்காரும் பள்ளம் 0.02 மி.மீ. பெரிதானாலே தளர்வு தெரியும். தலைமுடியின் கனத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மரத்தில் அந்த அளவைக் கொண்டுவரலாம், தக்கவைப்பதுதான் கஷ்டம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கட்டைக்குப் பஞ்சமில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தோட்டங்களில் வயதான செடிகளைப் பிடுங்கிப் புதுக் கன்று வைப்பது தொடர்ந்து நடக்கிறது. பிடுங்கிய காபிச் செடியின் அடிக்கட்டை விறகாகத்தான் போகும். அதை ஒருமுறை கடைந்து பார்த்தவர்கள் அடுப்பில் வைக்க மாட்டார்கள். நெருக்கமான இழை, வெண்மஞ்சள் நிறம், உளி பட்ட இடம் எலும்பு மாதிரி வழவழப்பு. நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கைச் சரியான கோணத்தில் அறுத்தால் வலைப்பின்னல் போல் பளபளக்கும் புள்ளிகள் வரும், ஆனால் மரம் மென்மை. சந்தனம், ஈட்டி பக்கம் உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் போகவே கூடாது.

பச்சைக் கட்டையின் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். பூசாமல் விட்டால் நடுவரை பிளந்துவிடும்.

காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி உப்பும், குறைந்தால் சுருங்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் எந்நேரமும் மூடுபனி. சேலம் நகரம் 280 மீட்டர் அளவில். சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் மேலே கடைந்த குமிழ் கோடையில் கீழே இறங்கும்போது, அதன் ஈரப்பதம் 6 சதவீதப் புள்ளி குறைகிறது என்று வைப்போம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே ஏறக்குறைய அதில் பாதி. 7 மி.மீ. துளையில் ஒரு பக்கம் 0.1 மி.மீ., இன்னொரு பக்கம் 0.05. வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகி பேரிங்கின் வெளிவளையத்தை நசுக்கும். குமிழ் கரகரவென்று சுற்றும். இழை ஓடும் திசையில் மட்டும் சுருக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பேரிங்கை மரத்தில் உட்காரவைக்காமல் பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒரு குழாய் கடைந்து, இரண்டு பள்ளங்களையும் அதிலேயே எடுப்பது. சேலத்து லேத் பட்டறைகளில் இது சாதாரண வேலை. குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் சுற்றிலும் 0.1 மி.மீ. அளவுக்கு இடம் விட்டு எபாக்சியால் ஒட்டினால், மரம் அசைந்தாலும் அந்தப் பசை ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, மரத்தின் நுண்ணறைகளையே பிசினால் நிரப்பிவிடுவது. அடுப்பில் வைத்து முற்றிலும் உலர்த்திய கட்டையைப் பிசினில் மூழ்கவைத்து, மேலே வெற்றிட பம்ப் போட்டால் உள்ளேயிருக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியேறும். பம்பை நிறுத்திக் காற்றைத் திறந்துவிட்டதும், வளிமண்டல அழுத்தம் பிசினை உள்ளே தள்ளும். ஊறியபின் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிசின் கெட்டிப்படும். தள்ளுவது பம்ப் அல்ல, நம் தலைக்கு மேலிருக்கும் காற்று என்பதைக் கவனியுங்கள். ஏற்காட்டில் அந்த அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.86 கிலோ, சேலத்தில் 1 கிலோ. ஆகவே இந்த வேலையைக் கீழே வைத்துச் செய்வதே நல்லது. மேலேயே செய்கிறவர்கள் கேஜைப் பார்த்து மிரள வேண்டாம்; முழு வெற்றிடத்திலும் முள் பாதரச அளவில் 635 மி.மீ. பக்கம்தான் நிற்கும், கடல்மட்டத்து அளவான 760-க்குப் போகாது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது வேலையின் வரிசை. வெளி உருவத்தை முதலில் கடைந்துவிட்டுக் கடைசியில் துளை போடுவதுதான் எல்லாருக்கும் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் துளை மையம் தவறும். டிரில் பிட் கெட்டியான இழையைத் தவிர்த்து மென்மையான இழைப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும், 25 மி.மீ. ஆழத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் சர்வசாதாரணம். அதனால் சதுரக் கட்டையாக இருக்கும்போதே லேத்தின் சக்கில் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் பகுதியில்) பிடித்து, பிட் நிலையாக நிற்கக் கட்டை சுழலும்படி துளையிட வேண்டும். பிறகு அந்தத் துளைக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பிடித்து வெளிப்பக்கத்தைக் கடைய வேண்டும். இப்போது துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. துளையே அச்சாகிவிட்டதால் வெளிப்பரப்பு முழுவதும் அதற்குச் சமதூரத்தில் வந்துவிடும். மாட்டிச் சுற்றும்போது குமிழ் எகிறாது. கடையும்போது மூக்கில் மாஸ்க் அவசியம்.

உப்புத்தாளில் 400-ம் எண் வரை போதும். கண்ணாடிப் பளபளப்பு படத்தில் நன்றாக இருக்கும். கையில் தண்ணீரும் மீனின் வழவழப்பும் சேர்ந்தால் விரலுக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் தங்கி வழுக்கும். சுற்றிலும் மூன்று நான்கு மெல்லிய வரிப்பள்ளம் போட்டால் அந்த நீர் ஒதுங்க வழி கிடைக்கும்.

மாட்டும்போது திருகுக்கும் பேரிங்குக்கும் இடையே ஷிம் எனும் மெல்லிய வளையம் போட வேண்டும். 0.1 மி.மீ. தகட்டு வளையத்தில் தொடங்குங்கள். திருகை முழுக்க இறுக்கிவிட்டுக் குமிழை ஊசி நீளத்தில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு வளையம். விரலால் சுண்டியதும் இரண்டு சுற்றில் நின்றுவிட்டால் ஒரு வளையத்தை எடுத்துவிடுங்கள், பேரிங் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. ஆட்டத்தைச் சரிசெய்யத் திருகைத் தளர்த்தி வைக்காதீர்கள். ஏரிக்கரையில் அது கழன்று குமிழ் தண்ணீரில் விழுந்துவிடும்.