அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், ஊற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள்

போன வாரம் எங்களிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவன், வேளச்சேரியில் ஒரு வீட்டுக்கு சிங்க் அடைப்பு எடுக்கப் போனான். கீழே உட்கார்ந்து பாட்டில் ட்ராப்பை (சிங்க்குக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பாகம்) திருகியதும், உள்ளே நின்ற தண்ணீர் அவன் கையில் வழிந்து இறங்கியது. முந்தின இரவு அந்த சிங்க்கில் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. முழங்கை வரை தோல் சிவந்து உரிந்துவிட்டது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததால் அதோடு போயிற்று. கண்ணில் தெறித்திருந்தால்?

இது முதல் தடவை இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் கையில் ஒரு தழும்பைக் காட்டுவார்கள்.

"ஊத்தினதும் பொங்குச்சே, வேலை செய்யுதுன்னு நினைச்சோம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் பதில். அந்தப் பொங்கலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அது சிங்க்கிலும் பைப்பின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆசிட் பட்டதும் நுரைப்பது அந்தச் சுண்ணாம்பு. பாத்ரூம் தரையில் நுரைப்பது டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட். அடைத்துக்கொண்டிருப்பதோ எண்ணெய்ப் பிசுக்கு, சோறு, இட்லி மாவு, தலைமுடி. கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, முடியையும் கரைக்காது. ஆக, நீங்கள் பார்க்கும் நுரைக்கும் உங்கள் அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. அடைப்பு அப்படியே இருக்கும், டைல்ஸ் இடுக்கு அரித்துப்போகும், சில மாதத்தில் கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் என்று வந்து நிற்பார். பிவிசி பைப்பை ஆசிட் ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்டீல் சிங்க்கும் குரோம் பூச்சும் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும்.

இன்னும் மோசம், ஆசிட் கேட்கவில்லை என்று அதன் மேலேயே வேறொன்றைக் கொட்டுவது. பாக்கெட்டில் வரும் வெள்ளைக் குருணை பெரும்பாலும் காஸ்டிக் சோடா. ஆசிட் மேல் அது விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட்டோடு இந்த இரண்டில் எதையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள், அப்பா, அம்மா, வேலைக்கு வரும் அக்கா என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சிங்க் அடைப்புக்குப் பெரும்பாலும் ஆளே வேண்டாம். பாட்டில் ட்ராப்புக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்து, அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். ரிஞ்ச் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். கறுப்பாக, கொழகொழவென்று ஒரு சேறு விழும், அவ்வளவுதான் உங்கள் அடைப்பு. ரப்பர் வாஷரைத் தொலைக்காமல் கழுவி மாட்டினால் வேலை முடிந்தது. பாத்ரூம் என்றால் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியைத் தூக்கி, உள்ளே கவிழ்த்திருக்கும் கிண்ணத்தை எடுத்து முடியை வழித்துப் போடுங்கள். அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல்தான் பல வீட்டில் நாற்றமும் கரப்பானும் மேலே வருகின்றன, அதற்கும் ஆசிட் ஊற்றுகிறார்கள்! புழங்காத பாத்ரூமில் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றினாலும் நாற்றம் வரும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்.

வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் கொட்டாதீர்கள். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் தாங்காது, இணைப்பு நெகிழ்ந்து ஒழுகும். கஞ்சியும் பைப்பில் பசையாக ஒட்டிக்கொள்ளும். அப்பளம் பொரித்த எண்ணெயை ஆறவிட்டு ஒரு கவரில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். தட்டில் இருக்கும் மிச்சத்தை வழித்த பிறகு கழுவுங்கள். இதைச் செய்கிற வீட்டிலிருந்து எங்களுக்கு போன் வருவதே அபூர்வம்.

கிச்சன், பாத்ரூம், டாய்லெட் எல்லாவற்றிலும் சேர்ந்தாற்போல் தண்ணீர் போகாமல் நின்றால் பிரச்சினை வெளியே சேம்பரில், அதாவது வீட்டுப் பைப்புகள் எல்லாம் வந்து சேரும் தொட்டியில். மாடி வீட்டுக்காரர்களைத் தண்ணீர் புழங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சேம்பரோ செப்டிக் டேங்கோ, யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். விஷவாயு தாக்கி ஆள் செத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது.

ஏற்கெனவே ஆசிட் ஊற்றிவிட்டீர்களா? சரி, யாரும் திட்டப் போவதில்லை. ட்ராப்பை நீங்கள் கழற்ற வேண்டாம், மேலே வேறு எதையும் போடவும் வேண்டாம். போன் செய்யும்போதே எதை, எப்போது, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாமல் சிங்க் பக்கத்திலேயே வையுங்கள். அதைப் பார்த்தால் எங்கள் ஆள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் கீழே உட்காருவான்.