இன்குளூசிவ் பிளேகிரவுண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் அடிக்கடி சொல்லும் சொல் இது. சக்கர நாற்காலியில் வரும் குழந்தை, பார்வையில்லாத குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, எந்தக் குறைபாடும் இல்லாத பக்கத்து வீட்டுக் குழந்தை என எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாடும்படி அமைத்த பொது இடம் என்பது இதன் பொருள். ‘சேர்ந்து’ என்பதை எடுத்துவிட்டால் இந்தச் சொல்லில் ஒன்றுமே மிஞ்சாது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கிளௌதெரே’ என்றால் மூடுவது, அடைப்பது. அதோடு ‘இன்’ சேர்ந்தால் உள்ளே வைத்து அடைப்பது. ‘எக்ஸ்’ சேர்ந்தால் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. புதுச்சேரிக் கடைப் பலகைகளில் காணும் ‘எக்ஸ்குளூசிவ் ஷோரூம்’ இதன் உடன்பிறப்பு: ஒரு கம்பெனிச் சரக்கு மட்டும் உள்ளே, மற்றவை வெளியே. நம்மூரில் பிரெஞ்சு படித்தவர்கள் ‘இன்குளூசிஃப்’ என்பதிலும் அதே வேரைப் பார்க்கலாம்.

இன்றைய பொருள் பள்ளிக்கூடத்தின் வழியாகப் பரவியது. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் யுனெஸ்கோவும் ஸ்பெயின் அரசும் கூட்டிய மாநாடு இந்தச் சொல்லுக்கு உலக அளவில் இடம் தந்தது. அதற்கு முன் அதிகம் புழங்கிய சொல் ‘இன்டக்ரேஷன்’. அதில் குழந்தைதான் பள்ளிக்கு ஏற்றபடி மாற வேண்டும். ‘இன்குளூஷன்’ அந்தச் சுமையைப் பள்ளியின் தோளுக்கு மாற்றியது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்கு உள்ள அதே வாய்ப்பு இவர்களுக்கும் வேண்டும் என்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றுக்கொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஒருங்கிணைந்த’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இன்டக்ரேஷனுக்கு உரிய சொல், இங்கே பொருந்தாது. கல்வித் துறையில் ‘உள்ளடக்கிய கல்வி’, ‘உள்ளடங்கிய கல்வி’ இரண்டுமே புழங்குகின்றன. உள்ளடக்கு என்பதும் லத்தீனைப் போலவே உள்ளே வைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறது. ஆனால் ‘உள்ளடக்கிய திடல்’ என்று மொட்டையாக எழுதினால் யாரை என்ற கேள்வி நிற்கிறது. ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்றால்தான் சொல் முழுமையாகும். அரசாணைக்கும் கட்டுரைக்கும் அது போதும். அடக்குவது என்ற ஒலி குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேல் ஏறி உட்காருவது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதிது இல்லை. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. மொழியியலாளர்கள் ‘நாம்’ என்பதை இன்குளூசிவ் பன்மை என்றே அழைக்கிறார்கள். நம் இலக்கணத்தில் அதன் பெயர் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. ‘உளப்பாடு’ அழகான, துல்லியமான சொல்தான். ஆனால் அதைப் பார்க் வாசலில் எழுதினால் ஐந்து வயதுக் குழந்தைக்கு மட்டுமல்ல, கூட வரும் அம்மாவுக்கும் புரியாது.

‘அனைவருக்குமான விளையாட்டுத் திடல்’ எளிமையானது, நன்றாகவே இருக்கிறது. என்றாலும் எல்லாருக்கும் இடம் ஒதுக்குவதும் எல்லாரும் சேர்ந்து ஆடுவதும் வேறு வேறு. சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான மேடை ஆடும்போது யார் மேலாவது இடித்துவிடும் என்பதால் அதைச் சுற்றி வேலி போடுவது வழக்கம். அந்தக் குழந்தைக்கு ஊஞ்சல் கிடைத்துவிட்டது, ஆனால் வேலிக்குள் அது தனியாக ஆடுகிறது. அதற்குப் பதில் வலை பின்னிய பெரிய கூடை ஊஞ்சல் வைத்தால், நாற்காலியிலிருந்து தூக்கிக் கிடத்திய குழந்தையோடு தங்கையும் தோழனும் ஏறிக்கொள்ளலாம்.

தரையும் அப்படித்தான். நம் பார்க்குகளில் விழுந்தால் அடிபடாமலிருக்கச் சறுக்குமரத்தின் கீழே மணல் கொட்டுகிறோம். அதில் சக்கரம் புதைந்துவிடும். ரப்பர் தளம் போட்டால் இரண்டு தேவையும் தீரும். சாய்தளம் ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் ஓட வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டால் அது பெயருக்குத்தான் சாய்தளம். மணல் விளையாட்டை மேசை உயரத்துக்குத் தூக்கினால் நின்றும் உட்கார்ந்தும் எல்லாரும் மணலை அளைந்து விளையாடலாம். சத்தம் தாங்காத குழந்தைக்கு நிழலாக ஓர் ஒதுக்கு மூலையும் வேண்டும், போன வேகத்தில் ஆட்டத்துக்குத் திரும்பி வரும் தூரத்தில்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘கூடி விளையாடும் திடல்’. கூடுவது என்பதில் உள்ளே வைப்பவர், வைக்கப்படுபவர் என்ற பிரிவு இல்லை. ‘மாற்றுத்திறனாளிகள் பூங்கா’ என்று மட்டும் பலகை வைக்க வேண்டாம். 2010இல் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை விட்டு ‘மாற்றுத்திறனாளி’யை ஏற்றது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பலகையைப் படிக்கும் பெற்றோர் ‘இது நம் பிள்ளைக்கு இல்லை’ என்று அடுத்த பார்க்குக்கு நடந்துவிடுவார்கள். அப்புறம் உள்ளே இருக்கும் குழந்தைகள் யாரோடு விளையாடுவார்கள்?