அந்துன்னா எந்தப் பூச்சி?

பழைய நெல்லு மூட்டைய பிரிச்சதும் வைக்கோல் கலர்ல பொடிப்பொடியா நாலஞ்சு பூச்சி கிளம்பி செவுத்துல போய் ஒட்டும்ல, அதுதாங்க அந்து. "நெல்லுல அந்து விழுந்துடுச்சு"ன்னு பெருசுங்க சொல்றது இதத்தான். மூக்கு நீட்டிக்கிட்டு கருப்பா ஊர்ந்து போறது வண்டு, அது வேற கேஸு.

இங்கிலீஷ்ல இதுக்கு அங்கூமுவா தானியப்பூச்சின்னு பேரு. அங்கூமுவா பிரான்ஸ்ல ஒரு பகுதி, 18ஆம் நூற்றாண்டுல அங்க கோதுமைய இது நாசம் பண்ணி, துஹாமெல், தில்லேன்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு 1762ல புத்தகமே போட்டாங்க, அப்படி ஒட்டுன பேரு. அறிவியல் பேரு சிட்டோட்ரோகா சீரியலெல்லா, கிரேக்கத்துல சிடோஸ்னா தானியம், ட்ரோகோன்னா கொறிக்கிறது. இப்ப உலகத்துல தானியம் சேத்து வைக்கிற எடம் பூரா இருக்கு, நம்ம வேளாண்மைக்காரங்க நெல் அந்துப்பூச்சின்னே எழுதுறாங்க, அது கரெக்ட்டான பேருதான்.

றெக்கை விரிச்சா சுமாரா ஒன்றரை சென்டிமீட்டர்தான் தேறும். பின்றெக்கை ஓரத்துல நீளமா மயிரு, நுனி மட்டும் விரல் மாதிரி கூரா நீட்டிக்கிட்டு இருக்கும், அடையாளம் அதுதான். வளர்ந்த பூச்சி தானியத்த தொடாது, திங்கிறதெல்லாம் புழு. ஒரு புழு ஒரே நெல்லுக்குள்ள பூந்து அங்கயே தின்னு, கூட்டுப்புழு ஆகுறதுக்கு முன்னாடியே வெளிய வர வட்டமா அறுத்து மெல்லிசா ஒரு மூடிய மட்டும் விட்டு வைக்கும், அப்புறம் பூச்சியாகி அத முட்டித் தள்ளிட்டு வந்துடும். வயல்ல கதிரு முத்துறப்பவே முட்டை வச்சிடும்ங்கிறதால களத்துல இருந்தே கூட வந்துருது, ஆனா குவியலுக்குள்ள ஆழமா போகாது, மேல்பக்கம்தான் அடி வாங்கும்.

இப்ப பாடப்புத்தகத்துல இங்கிலீஷ்ல மாத் (moth)னு சொல்ற பூச்சி மொத்தத்துக்கும் அந்துப்பூச்சின்னு போட்டுட்டாங்க, ஒரு சாண் அகலம் இருக்குற அட்லஸ் பூச்சியும் அந்துவாம், எனக்கு என்னமோ ஒட்டல. விட்டில்னு சொல்லலாம்னா சில ஊர்ல வெட்டுக்கிளியும் விட்டில்தான். அதனால பொதுப்பேரா அந்துப்பூச்சியே இருந்துட்டுப் போகட்டும், வெறும் அந்துன்னா மட்டும் நெல்லுப் பூச்சின்னு வச்சுக்கலாம்.

அந்துருண்டைல வர்ற அந்து கம்பளி, பட்டு அரிக்கிற துணிப்பூச்சி. பேர பாத்துட்டு அந்த உருண்டைய நெல்லு மூட்டைல போட்றாதீங்க, அது விஷம். நல்லா வெயில்ல காயவச்சு நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு கட்டுங்க.