மணல் சுடுவதை யாரிடம் கேட்டோம்?

கோவைப் பகுதி வார்ப்படத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு ஆலோசகராகப் பல ஆண்டுகள் சுற்றி வந்தவன் என்ற முறையில், இரும்பு உருகுவதைப் பார்த்த நேரத்தைவிட முடிவெடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நேரமே எனக்கு அதிகமாக இருக்கும் என்று தோன்றுவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்ட தவறான முடிவைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அந்த அறையில் நானும் இருந்தேன். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் பம்புக்கான உடற்பகுதிகளை வார்க்கும் ஒரு பவுண்டரி அது. சில வாரங்களாக ரிஜெக்‌ஷன் வழக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. கழிக்கப்பட்ட வார்ப்புகளில் பெரும்பாலானவற்றில் இருந்த குறை, தொழிலில் ‘ப்ளோ ஹோல்’ என்று நாங்கள் சொல்லும் காற்றுக்குழி. உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும்போது ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உலோகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் உண்டாகும் பொள்ளல் அது. கூட்டத்தில் திரையில் ஓர் அட்டவணை காட்டப்பட்டது. எந்த ஷிஃப்டில் எத்தனை வார்ப்புகள் கழிக்கப்பட்டன என்பதைச் சொல்லும் அந்த அட்டவணையில், இரவு ஷிஃப்டுக்கான எண்கள் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. இரவில் வேலை செய்தவர்களில் பலர் அப்போதுதான் சேர்ந்திருந்த வடமாநிலத் தொழிலாளர்கள். மேற்பார்வையாளரோ அதிகம் பேசாத, யாரையும் அதட்டாத மனிதர். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு எடுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் பகல் நேர ஸ்டோருக்கு மாற்றப்பட்டார். இரவு ஷிஃப்டின் ஊக்கத்தொகை நிறுத்திவைக்கப்பட்டது.

அட்டவணையில் இருந்த ஓர் எண்கூடப் பொய்யில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் உள்நோக்கமும் இல்லை. ஆயினும் இரண்டு வாரங்கள் கழித்தும், புதிய மேற்பார்வையாளரின் கண்டிப்பான குரலையும் மீறி, இரவு எண்கள் அசையவேயில்லை.

அதன்பிறகுதான் ஓர் இரவு, ஒரு மணிக்கு மேல், நான் அச்சு செய்வதற்கான மணலைக் கலக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், நான் கேட்காமலேயே சொன்னார்: “சார், பன்னெண்டு மணிக்கு மேல மணலு கையைச் சுடுதுங்க. தண்ணி கூடப் போட்டாத்தான் அச்சு நிக்குது. பகல்ல இப்பிடி இல்லீங்க.” இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “எங்களை யாருங்க கேட்டாங்க?” என்றார்.

பவுண்டரி மணல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் பொருள் அல்ல. வார்ப்பை உடைத்து எடுத்த பின் அதே மணல் திரும்பி வந்து, பெண்டோனைட் களிமண்ணும் நீரும் சேர்க்கப்பட்டு மறுபடியும் அச்சாகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் அது ஆற வேண்டும். சுமார் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகத் திரும்பும் மணல், கலவை இயந்திரத்தில் சரியான ஈரத்தைக் காட்டிவிட்டு அச்சுக்குப் போவதற்குள் வறண்டுவிடும். அதிலிருந்து எழும் நீராவி, வார்ப்பின் உட்புறக் குழிவை உண்டாக்க அச்சுக்குள் வைக்கப்படும் ‘கோர்’ எனும் குளிர்ந்த உள்ளச்சுகளின் மீது வியர்வையைப் போலப் படியும். அச்சு நிற்கவில்லை என்று தொழிலாளி கூடுதலாகத் தண்ணீர் விட்டால், நிலைமை இன்னும் மோசமாகும். இவற்றின் விளைவுதான் நாங்கள் கண்ட காற்றுக்குழிகள். ஈரச் சோதனையோ ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, மணல் இன்னும் ஆறியிருந்த நேரத்தில், எடுக்கப்பட்டு வந்தது.

சரி, மணல் ஏன் இரவில் மட்டும் சுட்டது? மூன்று மாதங்களுக்கு முன், மாலை உச்ச நேரத்தில் மின்கட்டணம் கூடுதல் என்பதால், உலையின் பெரும்பகுதி வேலையை இரவு பத்து மணிக்கு மேல் நகர்த்துவது என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவு அதே அறையில், ஏறத்தாழ அதே ஆட்களால் எடுக்கப்பட்டது. மின்கட்டணம் குறைந்தது, ஆனால் அதே மணல் இரவில் வேகமாகச் சுற்றத் தொடங்கியதால் ஆறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கிராமத்தில் சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

அட்டவணையை மறுபடி எழுதியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கழிக்கப்பட்டவற்றோடு நல்லவையாகத் தேறிய வார்ப்புகளையும் சேர்த்து, ஷிஃப்ட் வாரியாக அல்லாமல் மணி வாரியாகப் பிரித்தபோது, இரவு ஷிஃப்டின் முதல் ஒன்றரை மணி நேரம் பகலைப் போலவே இருந்தது. அதே ஆட்கள், அதே மேற்பார்வையாளர், அதே அச்சுகள். உலையின் உள்பூச்சைப் பழுதுபார்ப்பதற்காக உருக்குதல் பாதியாகக் குறைக்கப்பட்ட மூன்று இரவுகளில், பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடே இல்லை. இந்தத் தகவல்கள் யாவும் முதல் கூட்டம் நடந்த நாளிலேயே பதிவேட்டில் இருந்தவைதாம். குறை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பயிற்சி வகுப்புகளில் ‘விமர்சனச் சிந்தனை’ என்ற சொல்லைப் பலகையில் எழுதியவுடன், பங்கேற்பவர்கள் பலர் அதைக் குறை கண்டுபிடிக்கும் கலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் விமர்சனம் என்ற சொல்லுக்குப் படிந்துவிட்ட பொருள் அப்படி. அந்தப் பொருளில் பார்த்தால் எங்கள் கூட்டத்தில் விமர்சனத்துக்குப் பஞ்சமே இல்லை. இரவு ஷிஃப்டை ஒரு மணி நேரம் விமர்சித்தோம். எங்கள் கைக்கு வந்த சான்று எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதில் எது விடுபட்டது என்று கேட்பதைத்தான் நான் இந்தச் சொல்லால் குறிக்கிறேன்.

இதே பிழை எங்கள் பவுண்டரியைவிடப் பலமடங்கு அறிவும் கருவிகளும் கொண்ட இடத்திலும் நடந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி மாலை, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை மறுநாள் காலை ஏவலாமா என்பதைப் பற்றி, உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தாரும் நாசா அதிகாரிகளும் தொலைபேசி வழியே கூடிப் பேசினார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்து நின்றவை ‘ஓ-ரிங்’ எனப்படும் ரப்பர் வளையங்கள். குளிரில் அவை நெகிழ்வை இழக்கும் என்று ரோஜர் பாய்ஜோலி உள்ளிட்ட பொறியாளர்கள் அஞ்சினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பதே அந்த நிறுவனத்தின் முதல் பரிந்துரையாகவும் இருந்தது. அதற்கு எதிராக எழுந்த கேள்வி எளிமையானது: மிகக் குளிரான நாளிலும் வளையம் பாதிக்கப்பட்டிருக்கிறது, 75 டிகிரி இருந்த நாளிலும் பாதிக்கப்பட்டிருக்கிறது, அப்படியானால் குளிருக்கும் பாதிப்புக்கும் என்ன தொடர்பு?

மறுநாள் நேர்ந்த விபத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட ரோஜர்ஸ் ஆணையம் சுட்டிக்காட்டியபடி, அவர்கள் ஒப்பிட்டது பாதிப்பு ஏற்பட்ட பயணங்களை மட்டுமே. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3இல்தான் வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு இருந்தது. எங்கள் அட்டவணையில் தேறிய வார்ப்புகள் இல்லாதது போலவே, அந்த ஒப்பீட்டில் பழுதின்றித் திரும்பிய பயணங்கள் இல்லை. மறுநாள் காலை ஏவுதளத்தில் வெப்பநிலை 36 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். ஏவப்பட்ட 73ஆவது விநாடியில் ஓடம் சிதறியது. 7 பேர் உயிரிழந்தனர்.

அந்த மாலை நடந்த இன்னொன்றும் பணியிடங்களில் இருப்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. உரையாடலின் நடுவே தயோகால் நிறுவனத்தார் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டு, அரை மணி நேரம் பேசினார்கள். பொறியியல் பிரிவின் தலைவரிடம் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளுமாறு சொன்னார். பரிந்துரை மாறியது. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்பதை நிரூபிக்க வேண்டியவர்கள் ஏவச் சொல்பவர்கள். அன்றோ, ஆபத்து உண்டு என்பதை வேண்டாம் என்றவர்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் தொழிற்சாலைகளில் பேரிங்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லும் ஃபிட்டரிடம், “சத்தம்னா எவ்வளவு? எழுத்துல குடு” என்று கேட்கிறோம், ஓட்டலாம் என்று சொல்பவரிடம் எதையும் எழுதித் தரச் சொல்வதில்லை. ஒரு கூட்டத்தில் நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனித்தாலே, அந்தக் கூட்டம் எந்த முடிவை நோக்கிப் போகிறது என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

ஆளைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் மணிகளை வைத்துக் கேலி செய்வார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளோடு ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். குழிகள் கொண்ட ஒரு கரண்டியால் பங்கேற்பாளர்கள் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் அது குறை. குறைவாக வந்தவரைப் பாராட்டி, அதிகம் வந்தவரைக் கண்டித்து, கடைசியில் மோசமானவர்களை வேலையை விட்டே அனுப்புவார். அள்ளியவர்களின் திறமைக்கும் மணியின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாதத்தின் சிறந்த ஷிஃப்ட் என்று பலகை வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்த விளையாட்டை நடத்தினால், சிரிப்பு சிறிது நேரத்திலேயே அடங்கிவிடுகிறது.

கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று கேட்டு மூலக் காரணத்தைத் தேடும், டொயோட்டாவில் தைச்சி ஓனோ வழக்கப்படுத்திய ‘ஐந்து முறை ஏன்’ என்னும் முறையைச் சிலர் எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் கேட்கும் இடம் முக்கியம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, “இரவு ஷிஃப்ட் ஏன் மோசமாக வேலை செய்கிறது?” என்று தொடங்கினால், ஐந்தாவது பதிலும் இரவு ஷிஃப்டைத் தாண்டாது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதும் அதே டொயோட்டா வழக்கம்தான் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என் பழக்கத்தில் சில மாற்றங்களைச் செய்துகொண்டேன். யாராவது குறைகளின் பட்டியலோடு வந்தால், குறையில்லாத நாட்களின் பட்டியலையும் கேட்கிறேன். அது வரும்வரை ஆட்களைப் பற்றிய பேச்சை எடுப்பதில்லை. அறையில் மூத்தவர் யாரோ, அவரைக் கடைசியில் பேசும்படி முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். “சார் சொல்லிட்டாரு” என்ற பிறகு நம் ஊரில் மாற்றுக் கருத்துக்கு ஆள் கிடைப்பது கடினம். முடிவை எழுதும்போதே, இந்த முடிவு சரியென்றால் பதினைந்து நாட்களில் எந்த எண் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்கிறேன். இரவு மேற்பார்வையாளரை மாற்றியபோது இந்த ஒரு வரியை எழுதியிருந்தால், தவறு எங்களுடையது என்பதை அந்தக் காகிதமே சொல்லியிருக்கும். பெரிய மாற்றங்களுக்கு முன் உளவியலாளர் கேரி கிளைன் பரிந்துரைத்த ஒரு பயிற்சியும் உதவுகிறது: திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். உருக்குதலை இரவுக்கு நகர்த்தும் முன் இதைச் செய்து, அந்த மணல் பெரியவரையும் எழுத வைத்திருந்தால், ‘மணல் ஆறாது’ என்ற இரண்டு சொற்கள் ஒரு சீட்டிலாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எல்லா முடிவுக்கும் இவ்வளவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றை, எந்தக் கையுறை வாங்குவது, எந்தப் பலகையை எங்கே மாட்டுவது என்பதையெல்லாம் ஆராய்ந்து கொண்டிருப்பது வேறு வகை நோய். அதனால் முடங்கிப்போன அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்கும், ஒரு மனிதரின் பெயரோடு முடியும் முடிவுகளுக்கும் மட்டும்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பவுண்டரியில் கடைசியில் செய்தது சிறிய வேலைதான். மணலை ஆறவைக்கக் கூடுதலாக ஒரு தொட்டி வைக்கப்பட்டது. மணலின் வெப்பநிலையை இரண்டு மணிக்கொருமுறை எழுத, பதிவேட்டில் ஒரு கட்டம் போடப்பட்டது. நிறுத்திய ஊக்கத்தொகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஸ்டோருக்கு மாற்றப்பட்ட மேற்பார்வையாளரை நிர்வாகம் பழைய பொறுப்புக்கு அழைத்தபோது, அவர் ஏற்கெனவே வேறொரு பவுண்டரியில் சேர்வதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். விடைபெற வந்தவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: “அன்னைக்கு மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாமுங்களே, சார்?”