எஸ்ட்ரேஞ்ட்: பிரிந்த மகனா, பிணங்கிய மகனா?

ஓர் இசை மேலாளரையும் அவருடைய 'எஸ்ட்ரேஞ்ட்' (estranged, உறவு கெட்டு விலகிய) மகனையும் பற்றிய டாக்குமெண்டரி. ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரி அறிமுகம் வருகிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் டாக்குமெண்டரிக்கு ஆவணப்படம் இருக்கிறது, மேனேஜருக்கு மேலாளர் இருக்கிறது, மகன் மகன்தான். நடுவில் இருக்கும் அந்த ஒற்றைப் பெயரடையில்தான் கை நின்றுவிடும். பலரும் 'பிரிந்து வாழும் மகன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது என்பது என் கட்சி.

முதலில் பிறப்பு. லத்தீனில் 'எக்ஸ்ட்ரா' என்றால் வெளியே. அதிலிருந்து வந்த 'எக்ஸ்ட்ரானியஸ்' என்பது வெளியாள், நம்மைச் சேராதவன். 'வெளியாளாக நடத்து' என்ற வினை அதிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'ஸ்ட்ரேஞ்சர்' இதன் உடன்பிறப்பு. சினிமாவில் கூட்டத்தோடு நிற்பவரை எக்ஸ்ட்ரா என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த சேலத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்லித் தரவே வேண்டாம்.

முன்பின் தெரியாதவரை எஸ்ட்ரேஞ்ட் என்று சொல்ல முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். உறவு இருந்திருக்க வேண்டும், அது கெட்டுப்போயிருக்க வேண்டும், ஆனாலும் முறை சொல்லிக் குறிப்பிடும் அளவுக்காவது மிச்சம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்.

இப்போது 'பிரிந்து வாழும் மகன்' என்பதை நிறுத்துப் பாருங்கள். சேலத்துப் பையன்கள் எத்தனையோ பேர் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு ராத்திரி திரும்புகிறார்கள். அவர்களும் பிரிந்து வாழும் மகன்கள்தான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவனும் அப்படித்தான். 'பிரிந்த மகன்' என்று சுருக்கினால் இன்னும் மோசம். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய், கடைசி ரீலில் மச்சத்தைக் காட்டி வந்து சேரும் பிள்ளை ஞாபகத்துக்கு வந்துவிடுவான்.

'அந்நியப்பட்ட மகன்' லத்தீன் வேருக்கு நெருக்கம்தான். ஆனால் 'அந்நியமாதல்' என்பதை மார்க்சியம் பேசுகிறவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். அதில் வீட்டு வாசனை வராது. 'தலைமுழுகிய மகன்' என்றால் சூடு இருக்கிறது, ஆனால் அது ஒரு தரப்பின் தீர்ப்பு. இழவு வீட்டுக்குப் போய்வந்து குளிப்பதுபோல அப்பா கைகழுவிவிட்டார் என்றாகிவிடும். எஸ்ட்ரேஞ்ட் என்ற சொல்லோ குற்றம் யார் பேரில் என்று சொல்வதில்லை. அதுதான் அதன் நாகரிகம். நாளிதழில் 'எனக்கும் என் மகனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று அறிவிப்புக் கொடுப்பது தலைமுழுகுகிற கணக்கில் சேரும்.

அகராதியை மூடிவிட்டு ஊர்ப் பேச்சைக் கேட்டால் சரக்கு நிறையக் கிடைக்கிறது. சேலம் பக்கம் ஒருவரிடம், "பையன் எப்படி இருக்கானுங்க?" என்று கேட்டால், "அவனுக்கும் நமக்கும் போக்குவரத்து இல்லீங்க" என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். போவதும் வருவதும் நின்றுவிட்டது என்பதில் நேற்றுவரை இருந்தது என்பதும் அடங்கிவிட்டது. மழைக்காலத்தில் பாறை சரிந்து ஏற்காடு மலைப்பாதை அடைபட்டாலும் இதே சொல்தான்: 'போக்குவரத்து நிறுத்தம்.' அப்போது வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகும். பேச்சு நின்ற வீடுகளில் அம்மாதான் குப்பனூர் பாதை. அப்பா சொல்வது மகனுக்கும் மகன் சொல்வது அப்பாவுக்கும் அந்த வழியாகத்தான் போய்ச் சேரும்.

'கை நனைப்பதில்லை' என்பது இன்னொன்று. மகன் வீட்டு விசேஷம் ஊரறிய நடக்கும். அப்பா வர மாட்டார். வந்தாலும் மண்டப வாசலில் நின்று சொந்தக்காரர் நாலு பேரிடம் பேசிவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்பிவிடுவார். மொய் மட்டும் யாராவது பங்காளி கையில் கொடுத்தனுப்பியிருப்பார். மொய் நோட்டில் ஊர் பேர் போட்டு, மற்றவர்கள் வரிசையில் ஒரு வரியாக அவர் பெயரும் ஏறியிருக்கும். தகப்பனார் என்று அதில் தனியாகக் குறிக்க மாட்டார்கள்.

சரி, மேலாளர் விஷயத்துக்கு வருவோம். பேங்க் மேனேஜரை மேலாளர் என்றால் பொருந்துகிறது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேனேஜருக்கும் பொருந்தும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் கச்சேரிகளுக்குத் தேதி கொடுத்து, அட்வான்ஸ் வாங்கி, வேன் பிடித்து, பாடகருக்குச் சுடுதண்ணி வரைக்கும் பார்த்துக்கொள்கிற ஆர்கெஸ்ட்ரா மேனேஜர் யாருக்கு மேல் ஆள்கிறார்? அவரை 'நிர்வாகி' என்பது தேவலை. மேனேஜர் என்ற சொல்லின் வேரே கையில்தான் இருக்கிறது. குதிரையைக் கையாண்டு பழக்குவதற்கு இத்தாலியில் வழங்கிய சொல் அது.

குதிரை பழக்குவதுபோல் பிள்ளைகளைப் பழக்கிய ஒரு மேனேஜரை உலகத்துக்கே தெரியும். அமெரிக்காவின் கேரி நகரில் குடியிருந்து, இரும்பாலையில் கிரேன் ஓட்டிய ஜோ ஜாக்சன். மகன்களைச் சேர்த்து 'ஜாக்சன் 5' குழுவாக்கி, தானே மேனேஜராக இருந்தார். பிள்ளைகள் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது, ஜோசப் என்றுதான் கூப்பிட வேண்டும். வளர்ந்த பிறகு மைக்கேல் ஜாக்சன் அவரை மேனேஜர் பொறுப்பிலிருந்து விலக்கினார். 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசியபோது, மேலாண்மையில் அவர் பெரிய மேதை, ஆனால் தனக்கு வேண்டியிருந்தது ஓர் அப்பா என்ற பொருள்படச் சொன்னார். 2002-இல் எழுதிய உயிலில் அம்மா பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. ஆனால் 2005-இல் மைக்கேல் மீது வழக்கு நடந்தபோது நீதிமன்றத்துக்கு அந்த அப்பாவும் கூட வந்தார். இந்த மகனைப் 'பிரிந்த மகன்' என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

இங்கேதான் 'பிணங்கு' என்ற வினை கைகொடுக்கிறது. அதற்கு மாறுபடுதல், ஊடுதல் என்று பொருள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பின்னிக் கிடத்தல் என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. கொடியும் தூறும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதைப் பழைய பாட்டுகள் பிணங்குதல் என்றே சொல்லும். கட்டுவதைக் குறிக்கும் 'பிணை'யும் இதற்குச் சொந்தம். லத்தீன்காரன் மகனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டான். தமிழ்ச் சொல்லோ, சண்டை போட்டாலும் சிக்கு விடவில்லை என்கிறது. உயிலில் விட்டுப்போய் நீதிமன்றத்தில் கூட வந்து நின்ற உறவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை.

பிணக்கு என்றால் கணவன் மனைவி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வது போலல்லவா இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபது வருஷப் பகைக்கு அது கொஞ்சம் இலேசாகத்தான் ஒலிக்கும். அங்கே 'பிணங்கிப் போன மகன்' என்று ஒரு துணைவினை சேர்த்தால் கனம் வந்துவிடும். 'நெடுநாள் பிணங்கிய' என்றும் எழுதலாம். ஆவணப்படத்தில் ஆள் பேசுகிற இடத்துக்கு அடிவரி (சப்டைட்டில்) போடும்போது இதையும் விட்டுவிட்டு, "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை" என்று போடுவதுதான் சரி. அறிமுக வரிக்கு, 'ஓர் இசை நிர்வாகியும் அவரோடு பிணங்கிப் போன மகனும்.'

மனைவி என்று வந்தால் மட்டும் 'பிரிந்து வாழும்' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தம்பதி ஒரே வீட்டில் இருப்பது வழக்கம் என்பதால் அங்கே பிரிவே சேதியைச் சொல்லிவிடுகிறது. நீதிமன்றச் செய்திகளில் அதைத் திருத்தப் போக வேண்டியதில்லை.