46 செ.மீ. பட்டி 54 செ.மீ. கழுத்தில் எப்படி உட்காரும்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "பனியன் துணியில் டாப் தைக்கலாம் என்று ஒரு பேட்டர்ன் (துணி வெட்ட அளவு வரைந்த தாள்) வாங்கினேன். கழுத்து வளைவை இன்ச் டேப் வைத்து அளந்தால் 54 செ.மீ. வருகிறது. அதில் வைத்துத் தைக்க வேண்டிய கழுத்துப்பட்டியோ 46 செ.மீ.தான். தையலுக்கு விடும் ஓரத்தைக் கழித்துத்தான் இரண்டையும் அளந்தேன். அச்சுப் பிழையா? பட்டியை நீளமாக வெட்டிக்கொள்ளட்டுமா?"

வேண்டாம், பேட்டர்னில் இருப்பது சரிதான். 46 வைத்தால்தான் கழுத்து படிந்து உட்காரும், 54 வைத்தால் பட்டி எழும்பி நிற்கும்.

முதலில் துணியைப் பார்த்துவிடலாம். கொஞ்சம் பருத்தி நூலை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளவே நீளாது, விடாமல் இழுத்தால் அறுந்துபோகும். சட்டைத் துணியில் இந்த நூல் பாவும் ஊடுமாகக் கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது, ஆகவே துணியும் நூலைப் போலவே விறைப்பாக இருக்கிறது (மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், அது வேறு கதை). அதே நூலைப் பின்னினால் மட்டும் துணி தாராளமாக இழுபடுகிறது. நூலில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தக் கூடுதல் நீளம் எங்கிருந்து வருகிறது?

கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி ஒரு பழைய பனியனின் நல்ல பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில வி எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நெடுக வரிசைகள் தெரியும். திருப்பினால் அலை அலையாகக் குறுக்கு வளைவுகள். இரண்டும் ஒரே கண்ணிதான், அதாவது பின்னலில் நூல் போடும் வளையம்தான். அதன் இரு கால்கள் முன்பக்கம் தெரிகின்றன, தலையும் பாதமும் பின்பக்கம் தெரிகின்றன. ஒவ்வொரு கண்ணியும் கீழே இருக்கும் கண்ணிக்குள் நுழைந்து மேலே வருகிறது. ஒரு கண்ணிக்குள் இருப்பது சில மில்லிமீட்டர் நூல்தான். இப்போது துணியை அகலவாட்டில் இழுத்தபடியே கேமராவில் பாருங்கள். கால்கள் விரிகின்றன, காலில் இருந்த நூல் நழுவித் தலைக்கும் பாதத்துக்கும் போகிறது, வி படுத்துவிடுகிறது. கூடவே துணியின் உயரமும் குறைகிறது! அகலத்துக்கு வேண்டிய நூலை உயரத்திலிருந்துதான் கடன் வாங்குகிறது. நீளவாட்டில் இழுத்தால் இதே விஷயம் தலைகீழாக நடக்கும், ஆனால் அங்கே கடன் கொடுக்க அவ்வளவு நூல் இல்லை. பனியன் துணி அகலத்தில் அதிகமாகவும் நீளத்தில் குறைவாகவும் இழுபடுவது இதனால்தான். பேட்டர்ன் தாளில் 'அதிகம் இழுபடும் திசை' என்று அம்புக்குறி போட்டிருப்பதும் இதற்குத்தான், பட்டியை அந்தத் திசையில்தான் வெட்ட வேண்டும்.

விட்டதும் துணி ஏன் திரும்புகிறது? வளைத்து வைத்த நூல் நிமிரப் பார்க்கும், அவ்வளவுதான். வெட்டிய ஓரங்கள் சுருண்டுகொள்வதும் இதே காரணத்தால்தான். பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். நல்ல பக்கம் எது என்று குழப்பம் வந்தால் சுருளும் திசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் ஆராய்ச்சி செய்யக் காசு கொடுக்கிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. வில்லியம் லீ பின்னல் இயந்திரம் செய்தது 1589-ல். அந்த மாதிரித் துணி இழுபடும்போது என்ன வடிவம் எடுக்கும் என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் கணக்கிட்டு எழுதியது 2018-ல், பிஸிக்கல் ரிவ்யூ எக்ஸ் இதழில். நூலின் நீளம் மாறாது, கண்ணி அவிழாது, வளைக்க ஆற்றல் வேண்டும், இந்த மூன்றையும் வைத்தே கணக்கு போட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்குச் செலவாகும் பணம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் தினமும் உடுத்துவது இதைத்தானே.

சரி, பட்டிக்கு வருவோம். மடித்துத் தைத்தபின் அதன் அகலம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் கோடு 54 செ.மீ. என்றால், அதிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே தள்ளியிருக்கும் விளிம்பு எவ்வளவு நீளம் இருக்கும்? வட்டமாக இருந்தால் பள்ளிக்கூடக் கணக்கு: 2 × 3.14 × 1.5, அதாவது 9.4 செ.மீ. குறையும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கழுத்து வட்டமாக இருக்க வேண்டும் என்றே இல்லை. நீள்வட்டமோ முன்னால் இறங்கிய யு வடிவமோ, உள்குழிவும் கூர்முனையும் இல்லாமல் மூடிய வளைவு எதுவானாலும், பெரியவர் கழுத்தானாலும் குழந்தை கழுத்தானாலும், குறைவது அதே 9.4 தான். ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்தத் திருப்பம் எப்போதும் 360 பாகை (ரேடியன் கணக்கில் 2 × 3.14), அதை அகலத்தோடு பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். வளைவின் சொந்த நீளம் கணக்கிலேயே இல்லை!

ஆக உள்விளிம்பு 44.6 செ.மீ. இருந்தால் மேசையில் தட்டையாகப் படியும். கழுத்தடி மேசை மாதிரித் தட்டை கிடையாது, பட்டி சற்றே மேலேறித்தான் நிற்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பேட்டர்ன் போட்டவர் 46 வைத்திருக்கிறார், கழுத்தில் சுமார் 85 சதவீதம். வெளிவிளிம்பு 54-க்கு இழுபட்டுத் தைக்கப்படும், உள்விளிம்பு தன் நீளத்திலேயே நிற்கும். நீங்கள் 54-க்கு வெட்டினால் உள்விளிம்பில் எட்டு, ஒன்பது செ.மீ. துணி போக்கிடமில்லாமல் மிஞ்சும், அதுதான் எழும்பும்.

மாட்டும்போது இந்த 46 தலைக்கு மேல் போக வேண்டும். தலைச் சுற்றளவு 57 என்றால் 24 சதவீதம் இழுபட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். வெறும் பருத்தியில் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும், முழுதாகத் திரும்பாது, நாளடைவில் கழுத்து தொளதொளத்துவிடும். அந்த உரசலை மீறி இழுத்துவரத்தான் ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும் செயற்கை நூலான ஸ்பாண்டெக்ஸைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள் (1958-ல் டூபான்ட்டில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது). பேட்டர்ன் உறையில் ஒரு கோடு போட்டு 'துணி இவ்வளவு தூரம் இழுபட வேண்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. துணியை மடித்து, வெட்டிய ஓரத்திலிருந்து தள்ளி இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் கண்ணிகளுக்குப் பிடிமானம் கிடையாது, அங்கே இழுத்தால் பொய்யான அளவுதான் காட்டும்.

ஓவர்லாக் மெஷின் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் மெஷின்) இல்லாமல் பனியன் துணி தைக்கவே முடியாது என்பது நம்மிடையே உலாவும் மூடநம்பிக்கை. நேர்த்தையல் அறுந்துவிடும் என்பது உண்மைதான், ஏனென்றால் அதில் மிச்ச நூல் இல்லை. இடமும் வலமுமாக மாறி மாறி விழும் ஜிக்ஜாக் தையலில் நீளம் 2.5, அகலம் 1 மி.மீ. வைத்தால் ஒவ்வொரு தையலிலும் 2.7 மி.மீ. நூல் சாய்ந்து கிடக்கும், 8 சதவீதம் கூடுதல். கழுத்துத் தையல் 54-லிருந்து 57 போக 6 சதவீதம் போதும். முனை உருண்ட ஊசி போடுங்கள், கூர்முனை கண்ணியைக் குத்தி அறுத்துவிட்டால் அங்கிருந்து ஓட்டை விரியும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் 'ஸ்ட்ரெட்ச்' என்று போட்ட ஊசிக்கு மாறுங்கள். ஊசி மேலேறத் தொடங்கும்போது துணியும் கூடவே ஒட்டிக்கொண்டு ஏறினால் ஊசிக் கண்ணுக்குப் பின்னால் நூல் வளையம் விரியாது, மெஷினில் அடியே இருக்கும் கொக்கிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது.

பட்டியையும் கழுத்தையும் நாலாக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, பட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு தையுங்கள். கழுத்தையும் சேர்த்து இழுத்தால் கணக்கு போச்சு. உங்கள் துணி உறையில் போட்ட கோடு வரை இழுபடவில்லை என்றால் 48 வரை வெட்டலாம். தைத்தபின் லேசாக அலை தெரிந்தால் பிரிக்க வேண்டாம், அயர்ன் பாக்ஸை அழுத்தாமல் நீராவி மட்டும் காட்டுங்கள், ஈரமும் சூடும் பட்டால் பருத்தி இளகும், கண்ணிகள் நழுவிச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.